படத்தில் இல்லாத அத்தியாயம்

படம் முடிந்து விளக்குகளைப் போட்ட பிறகும் என் கணவர் தயாளன் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. இழவு வீட்டில் முதல் ஆளாக வந்து உட்கார்ந்தவர் மாதிரி வெறும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். தியேட்டரைக் கூட்டுகிற அம்மாள் வந்து, "சார், அட்த்த ஷோவுக்கு ஆள் வந்துகினு கீறாங்க, ஏந்துரு" என்று அவர் காலுக்கடியிலிருந்த பாப்கார்ன் டப்பாவை விளக்குமாற்றால் இழுத்த பிறகுதான் எழுந்தார். எழுந்ததும் சொன்ன முதல் வார்த்தை, "கொன்னுட்டானுங்க."

கொல்லப்பட்டது ஒரு நாவல். பெயர் 'பின்போர்ஷன்'. எழுதியவர் அரிகிருஷ்ணன், என் கணவரின் கல்லூரிக் காலத்துச் சிநேகிதர். அவரும் எங்களோடுதான் படம் பார்த்தார், புதுச் சட்டை போட்டுக்கொண்டு. பம்மலில் ஒரே மின்சார மீட்டருக்குள் மாட்டிக்கொண்ட நாலு குடித்தனங்களின் கூத்துதான் கதை. சினிமாக்காரர்கள் அதற்கு 'நாலு வீடு ஒரு மீட்டர்' என்று பெயர் வைத்து, பின்போர்ஷனில் குடியிருக்கும் மங்களத்துக்கு ஒரு குத்தாட்டம் கொடுத்து, ஹவுஸ் ஓனரை மூன்று முறை சாக்கடையில் தள்ளியிருந்தார்கள். தாம்பரத்து ஜனம் மூன்று முறையும் கைதட்டியது. நானும் தட்டினேன். தயாளன் திரும்பி என்னைப் பார்த்த பார்வையில், இவளைக் கட்டிக்கொண்டதற்கு எனக்கு இதுதான் தண்டனை என்று எழுதி ஒட்டியிருந்தது.

மாடம்பாக்கத்துக்கு ஷேர் ஆட்டோவில் வரும்போது என் கணவர் நடத்துகிற வாசகர் வட்டத்தின் புது உறுப்பினரான சத்யபிரியாவும் எங்களோடு வந்தாள். சேலையூரில் ஒரு கல்லூரியில் பாடம் நடத்துகிற பெண். தயாளனின் வலைப்பதிவைப் படித்து வந்து சேர்ந்தவள். நாவலை அவள் படிக்கவில்லை. இப்போது அச்சில் இல்லை. ஆகவே வழி முழுக்க அவளுக்கு வகுப்பு நடந்தது.

"சினிமா சிரிப்ப உன் மூஞ்சிக்கு நேரா காட்டும்மா. புக்கு அத ஒளிச்சு வைக்கும். வாசகன் தானா தேடி எடுத்துச் சிரிக்கணும். நாவல்ல ஒரு வரிய வெட்டினாலே ரத்தம் வரும். இவனுங்க என்ன பண்ணாங்க தெரியுமா? பல்லாவரம் சந்தை அத்தியாயத்தையே தூக்கிட்டானுங்க. அதுதாம்மா அந்த நாவலோட உயிரே!"

"ப்ரொட்யூசர் வேணாம்னுட்டார், தயாளா. சென்டிமென்ட்டா போயிடுமாம்" என்றார் அரிகிருஷ்ணன், வெளியே கேம்ப் ரோடு கடைகளைப் பார்த்தபடி.

"சென்டிமென்டா? அத மாதிரி காமெடி தமிழ்ல கிடையாதுய்யா!"

நான் ஆட்டோவின் கம்பியைப் பிடித்துக்கொண்டு வந்தேன். என் கணவரைப் பொறுத்தவரை எனக்குப் புத்தகம் ஆகாது. "கோகிக்கு எழுத்துன்னா அலர்ஜி" என்று வருகிறவர்களிடம் சிரித்துக்கொண்டே சொல்வார். குரோம்பேட்டையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் பில் போடுகிற வேலை எனக்கு. வீட்டில் அவருடைய அலமாரிகளைச் சனிக்கிழமை தோறும் துடைப்பதும் நான்தான். துடைக்க ஒரு பழைய பருத்தித் துணி வைத்திருக்கிறேன். நைந்து மெல்லிசாகிவிட்டது, அட்டையில் கீறல் விழாது. "பூ மாதிரி துடைப்பா, அந்த ஒரு விஷயத்துல குறையே சொல்ல முடியாது" என்பது எனக்கு அவர் கொடுத்திருக்கும் ஒரே சான்றிதழ்.

அந்தப் பல்லாவரம் சந்தை அத்தியாயத்தை நான் படித்திருக்கிறேன். நாவல் வந்த புதிதிலேயே, செய்தித்தாளில் அட்டை போட்டு, பில் கவுன்ட்டரில் கூட்டமில்லாத நேரத்தில் படித்தேன். கதை இதுதான். பிள்ளையில்லாத மங்களம் வெள்ளிக்கிழமை தோறும் பல்லாவரம் சந்தைக்குப் போய், கவுன் விற்கிற பேபியிடம் ஒரு குழந்தைக் கவுன் வாங்குகிறாள். யாருக்கு என்று பேபி கேட்க, என் பொண்ணுக்கு என்று வாய் தவறிச் சொல்லிவிடுகிறாள். அடுத்த வாரம், பிள்ளை பால் குடிக்கிறதா என்று பேபி விசாரிக்கிறாள். அப்புறம் விட முடியுமா? அந்தக் குழந்தை வாராவாரம் வளர்கிறது. பல் முளைக்கிறது, அம்மை போடுகிறது, பள்ளிக்கூடத்தில் சேர்கிறது. குழந்தை பெரிதாகப் பெரிதாகக் கவுனும் பெரிதாகிறது.

முதல் ஒன்றரைப் பக்கம் நான் சிரித்தேன். அதைத்தான் என்னால் இன்றுவரை ஜீரணிக்க முடியவில்லை. அரிகிருஷ்ணன் அவ்வளவு நன்றாக எழுதியிருந்தார். சிரித்து முடிக்கும் நேரத்தில்தான், சிரிக்கப்படுவது நான் என்று உறைத்தது.

எங்களுக்குக் குழந்தை தங்கவில்லை. தங்காமல் போன கடைசித் தடவைக்குப் பிறகு, ஆஸ்பத்திரியிலிருந்து வந்த வாரமே நான் பல்லாவரம் சந்தைக்குப் போனேன். தலைக்கு மேல் விமானம் இறங்குகிற சத்தத்தில் நிஜப் பேபி கத்திக் கேட்டாள், "இன்னாக்கா, பொட்டப்புள்ளையா?" நான் ஆமாம் என்று தலையாட்டினேன். அவ்வளவுதான் நான் செய்த தப்பு. வருஷக்கணக்கில் அந்தத் தலையாட்டலுக்குள் குடித்தனம் நடத்தினேன். பெயர்கூட வைத்திருந்தேன். பிறகு ஒரு மழை நாள் சாயங்காலம், கரண்ட் இல்லாத வீட்டில், தயாளனிடம் ஒன்றைத் தவிர எல்லாவற்றையும் கொட்டி அழுதேன். உலகத்தில் அவர் ஒருவரிடம்தான் சொன்னேன். கவுன்களையெல்லாம் கோயில் வாசலில் கொடுத்துவிட்டேன் என்றும் சொன்னேன். அவர் என் தலையைத் தடவிக்கொடுத்தார். வெகுநேரம் தடவினார். சிநேகிதரிடம் சொல்வதற்காக எல்லாம் மனசில் குறித்துக்கொள்ளத்தான் அவ்வளவு நேரம் ஆனது போலிருக்கிறது.

நாவலைப் படித்த அன்றைக்கே கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. கேட்டால் மன்னிப்புக் கேட்பார், நானும் மன்னித்துத் தொலைக்க வேண்டியிருக்கும். எனக்குத் தெரிய வேண்டியது வேறு. நான் உட்கார்ந்திருக்கும்போது என் முகத்துக்கு நேராக அதை அவரால் படிக்க முடியுமா? அது ஒன்றைத்தான் தெரிந்துகொள்ள ஆசைப்பட்டேன். வாசகர் வட்டம் எங்கள் வீட்டில் கூடுகிற நாட்களில் யாராவது பல்லாவரம் சந்தையைப் படிக்கச் சொல்வார்கள். உடனே அவருக்குப் பால் ஞாபகம் வந்துவிடும். "கோகி, பால் இருக்கா பாரு. இல்லன்னா வாங்கிட்டு வந்துடேன்." நான் பையை எடுத்துக்கொண்டு போவேன். தெருமுனை போவதற்குள் எல்லோரும் சிரிப்பது கேட்கும். எந்த இடத்தில் எவ்வளவு சிரிப்பார்கள் என்பது எனக்கு மனப்பாடம்.

அன்றைக்கு வீட்டில் பால் இருந்தது. காலையிலேயே வாங்கி ஃப்ரிட்ஜை நிரப்பி வைத்திருந்தேன்.

கிச்சடியும் சட்னியும் காப்பியும் வைத்துவிட்டு நானும் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். தயாளனின் ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை. சினிமாக்காரனுக்குக் கதை கொடுப்பதும் கசாப்புக் கடையில் கன்றுக்குட்டியைக் கட்டுவதும் ஒன்று என்றார். சத்யபிரியா தன்மையான பெண், சமாதானமாகச் சொன்னாள்.

"சார், படத்துல மங்களத்தப் பாத்தா யாருக்கும் மனசு நோகாது. அது வெறும் கார்ட்டூன். ஒருவேளை அது நல்லதுதானோ?"

எனக்கு அவளைக் கட்டிக்கொள்ள வேண்டும் போலிருந்தது. படம் முட்டாள்தனமாக இருந்தது, அதனால் இரக்கமாகவும் இருந்தது. அந்தக் குத்தாட்டத்துக்கும் எனக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. நிம்மதியாகக் கைதட்ட முடிந்தது. நல்ல எழுத்துத்தான் அளவெடுத்துத் தைத்த ரவிக்கை மாதிரி உடம்பைப் பிடிக்கும்.

"கார்ட்டூனா? சந்தை அத்தியாயத்த ஒருதரம் கேட்டா இப்டி பேச மாட்டேம்மா" என்றார் தயாளன்.

"அப்போ படிங்க சார், ப்ளீஸ்."

"ஆமாங்க, படிங்க. நானும் கேட்டதே இல்ல" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். "கோகி, பால்..."

"நிறைய இருக்கு."

"வேணாம் தயாளா, டயர்டா இருக்கு எல்லாருக்கும்" என்றார் அரிகிருஷ்ணன். கிச்சடியிலிருந்த முந்திரியை விரலால் தட்டின் ஓரத்துக்குத் தள்ளிக்கொண்டிருந்தார். அவருக்கும் தெரியும். எப்படித் தெரியாமல் இருக்கும்?

"ஒரு வரிய வெட்டினாலே ரத்தம் வரும்னு சொன்னீங்களே. முழுசா படிங்க" என்றேன் நான்.

புத்தகத்தை எடுத்து வந்தார். படித்தார். என் கணவர் நன்றாகப் படிப்பார், அதையும் சொல்ல வேண்டும். பேபியின் குரலைப் பேபி மாதிரியே பேசுவார். முதலில் கொஞ்சம் தடுமாறினார். சத்யபிரியா சிரித்த முதல் சிரிப்பு அவரைத் தூக்கி நிறுத்திவிட்டது. குழந்தைக்குப் பல் முளைத்தபோது கைகளை ஆட்ட ஆரம்பித்தார். அம்மை போட்டபோது என்னை மறந்தே போனார். நான் எதிரில் இருக்கிறேன், அவர் என்னை வைத்துச் சிரிப்பு மூட்டிக்கொண்டிருக்கிறார், குரலில் ஒரு நடுக்கமும் இல்லை. எனக்குத் தெரிய வேண்டியது தெரிந்துவிட்டது என்று நினைத்தேன்.

அப்போதுதான் ஒரு தாளைச் சேர்த்துப் புரட்டினார். குழந்தையின் பெயரைப் பேபி கேட்கிற இடத்துக்கு வந்தவர், அதைத் தாண்டி, மங்களம் முன்போர்ஷன் பையனை இரவல் வாங்கிக் கவுன் மாட்டிச் சந்தைக்குக் கூட்டிப்போகிற இடத்துக்குக் குதித்தார். அந்தப் பையன் கவுனைத் தூக்கிக்கொண்டு கம்பத்தில் ஒண்ணுக்குப் போவான். அது அரிகிருஷ்ணனின் சொந்தச் சரக்கு. அதற்கும் எனக்கும் சம்பந்தமில்லை. சத்யபிரியா விழுந்து விழுந்து சிரித்தாள்.

"நடுவுல ஒரு பக்கம் விட்டுட்டீங்க" என்றேன்.

"தாள் ஒட்டிக்கிச்சு போல."

"பரவால்ல. எனக்குத் தெரியும், நான் சொல்றேன்."

எழுந்து நின்றேன். வெட்கமாக இல்லை. பேபி குரலில் கேட்டேன், "புள்ள பேரு இன்னாக்கா?" மங்களத்தின் குரலில், "சந்திரிகா" என்றேன். நான் வைத்த பெயரைக்கூட மாற்றாமல் எழுதியிருந்தார்கள், மாற்றினால் ஓசை கெட்டுவிடும் என்று நினைத்தார்களோ என்னவோ. பிறகு பஸ். மங்களம் பல்லாவரத்தில் ஏறி, "ஒரு ஃபுல்லு, ஒரு ஹாஃபு" என்கிறாள். கண்டக்டர் கொழந்தை எங்கம்மா என்கிறார். மங்களம் பக்கத்து சீட்டைக் காட்டுகிறாள். கண்டக்டர் சீட்டைப் பார்க்கிறார், சீட்டுக்கு அடியில் குனிந்து பார்க்கிறார், ஜன்னலுக்கு வெளியேயும் எட்டிப் பார்க்கிறார். நான் எங்கள் சோபாவுக்கு அடியில் குனிந்து பார்த்தேன். ஜன்னலில் எட்டிப் பார்த்தேன். "தூங்குது, எழுப்பாதீங்க" என்று மங்களமாகி உதட்டில் விரலை வைத்தேன். எந்த இடத்தில் நிறுத்த வேண்டும், எவ்வளவு நிறுத்த வேண்டும் என்பதெல்லாம் தெருமுனையில் நின்று கற்றதுதான்.

சத்யபிரியாவுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "ஐயோ அக்கா, சார விட சூப்பரா பண்றீங்க!" என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். ஆண்கள் இருவரும் சிரிக்கவில்லை. நகைச்சுவைக்கு அவ்வளவு தூரம் வக்காலத்து வாங்கியவர்கள், ஒரு புன்னகைகூடக் காட்டவில்லை.

"அப்புறம் என்னாச்சுக்கா? பேபி கிட்ட மாட்டிக்குவாளா?"

"புக்குல மாட்டிக்குவா. சந்தையே சிரிக்கும். அதோட அத்தியாயம் முடிஞ்சிடும்."

"கோகி, போதும்" என்றார் தயாளன்.

"இது புக்குலயும் இல்லங்க, படத்துலயும் இல்ல. உங்களுக்கும் புதுசு, கேளுங்க." சத்யபிரியாவின் பக்கம் திரும்பினேன். "ஒரு வெள்ளிக்கிழமை பேபி, ஒரு வாட்டி புள்ளைய இட்டாந்து காட்டுக்கான்னு கையப் புடிச்சிக்கிட்டா. எனக்கு யார் கிட்டயும் இரவல் வாங்கத் தோணல. கொழந்தை செத்துப்போச்சுன்னு சொல்லிட்டேன்."

சத்யபிரியாவின் சிரிப்பு முகத்திலேயே நின்றுவிட்டது. என்னையும் தயாளனையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"பேபி மார்ல அடிச்சுக்கிட்டு அழுதா. எம்மா சந்திரிகா, எம்மா சந்திரிகான்னு நடு ரோட்டுல உருண்டா. கடைய மூடிட்டு எனக்கு சோடா வாங்கிக் குடுத்தா. என் பொண்ணுக்காக இந்த ஊர்ல அழுதது அவ ஒருத்திதான். இத எழுதியிருந்தா நல்லா இருந்திருக்கும், இல்லீங்களா?" என்று அரிகிருஷ்ணனைக் கேட்டேன்.

தயாளன் என்னவோ சொல்ல வாயெடுத்துக் கையை நீட்டினார். கை டம்ளரில் பட்டு, காப்பி அப்படியே திறந்திருந்த புத்தகத்தின் மேல் சாய்ந்தது. அந்த நிலைமையிலும் அவர் வாயிலிருந்து வந்தது, "ஐயோ, புக்கு! கோகி, துணி, துணி!" என்பதுதான்.

நான் அலமாரிக்குப் பின்னால் ஆணியில் தொங்கிய துணியை எடுத்து வந்தேன். வழக்கமாகச் சுருட்டிப் பிடித்துத்தான் துடைப்பேன். அன்று உதறி, இரண்டு கையாலும் நீவி, புத்தகத்தின் மேல் விரித்துப் போட்டேன். வெளுத்துப்போன மஞ்சள். கழுத்தில் ஒரு பித்தான் மிச்சமிருந்தது. புத்தகத்தின் இரண்டு பக்கமும் இரண்டு சின்னக் கைகள் விரிந்து கிடந்தன, காப்பி மெதுவாக ஊறி ஒரு பக்கத்துப் பஃப் கைக்குள் ஏறிக்கொண்டிருந்தது. தயாளன் அதைத் தொடவுமில்லை, எடுக்கவுமில்லை.