சுமியோவின் வசந்தப் பாட்டு

நுமாசு துறைமுகத்துக்குப் பின்னால், மெஷின் இசைக்க மைக் பிடித்துப் பாடும் மிசாவோவின் கரோக்கே கடையில் எழுதாத சட்டம் இரண்டு உண்டு. ஒருவருடைய பாட்டை இன்னொருவர் தொடக்கூடாது. ஒரு பாட்டு ஒரு நாளைக்கு ஒரு தடவைதான். பகலில் மட்டும் திறந்திருக்கும் கடை. வருகிறவர்கள் எல்லாரும் அறுபதைத் தாண்டியவர்கள். பல வருஷமாகப் பாடிப் பாடி ஆளுக்கொரு பாட்டுக்குப் பட்டா வாங்கி வைத்திருப்பவர்கள்.

சுமியோவுடையது வசந்தப் பாட்டு. மார்ச் மாதம் பள்ளிக்கூடம் முடித்த ஒரு பெண் டோக்கியோவுக்கு ரயில் ஏறுகிறாள். பிளாட்பாரத்தில் நிற்கிறவன் கடைசிவரை வாயைத் திறக்கமாட்டேன் என்கிறான். அவ்வளவுதான் கதை. ஆனால் வசந்தப் பாட்டை நினைத்தபோதெல்லாம் பாடிவிட முடியாது. மார்ச் பிறந்ததிலிருந்து செர்ரிப் பூ உதிரும் வரைதான். அதற்குப் பிறகு பாடினால், வேர்க்கிற வெயிலில் கம்பளி போட்டுக்கொண்டு வந்தவளைப் பார்ப்பதுபோல் பார்ப்பார்கள். ஆக, வருஷத்தில் ஐந்து வாரம். மிச்ச நாளெல்லாம் சுமியோ அந்த ஐந்து வாரத்துக்காகக் காத்திருப்பாள். காலையில் கருவாட்டுக் கொட்டகையில் மீன் பிளந்துபோட்டுவிட்டு, கையை எலுமிச்சை தேய்த்துக் கழுவி, உதட்டுக்குச் சாயம் பூசி, மதியம் வருவாள். அவள் பாடும்போது மட்டும் நெமோதோ கடையில் கிடக்கும் கஞ்சிராவை எடுத்துத் தட்டுவார். முடிவெட்டும் கடையை மூடிவிட்டு ஓய்வில் இருக்கும் மனுஷன். வேறு யார் பாட்டுக்கும் அவர் கை அசையாது. கணவன் போய்ச் சேர்ந்த பதினோரு வருஷத்தில் சுமியோவுக்கென்று இருந்தது இந்தப் பாட்டும் அந்தத் தட்டலும்தான்.

இந்த வருஷம் வந்து சேர்ந்தாள் கிரிகோ. ஹொக்கைடோக்காரி, மகன் வீட்டோடு இருக்க வந்தவள். மார்ச் முதல் வியாழக்கிழமை சுமியோ கதவைத் திறந்தால், மைக் கிரிகோ கையில் இருந்தது, வாயில் அந்தப் பாட்டு. கடையே திரும்பிச் சுமியோவைப் பார்த்தது. ஒருத்தராவது ஒரு வார்த்தை சொல்லவேண்டுமே, கிடையாது. கேட்டால் மரியாதை என்பார்கள். அதைவிடக் கொடுமை, நெமோதோ கஞ்சிரா தட்டிக்கொண்டிருந்தார்.

மிசாவோதான் பிறகு கிரிகோவின் காதில் விஷயத்தைப் போட்டாள். மறுநாளே கிரிகோ ஒரு பெட்டி இனிப்போடு வந்து, இடுப்பு ஒடியக் குனிந்தாள்.

"தெரியாம உங்க பாட்டைத் தொட்டுட்டேன் சுமியோ சான். மன்னிச்சிடுங்க. இனிமே பாட மாட்டேன்."

"ஐயையோ, அதெல்லாம் ஒண்ணும் இல்லீங்க. பாடுங்க, பாடுங்க. நீங்க பாடிக் கேக்கணும்னு ஆசையா இருக்கு."

எங்கள் ஊரில் யாராவது இப்படிச் சொன்னால், மற்றவர் இன்னும் இரண்டு தடவை குனிந்துவிட்டு ஒதுங்கிக்கொள்வார். கிரிகோ ஒதுங்கவில்லை. சொன்னதை அப்படியே நம்பினாள். அன்றிலிருந்து சுமியோ வரும்வரை காத்திருப்பாள். இவள் உட்கார்ந்து காப்பியை வாயில் வைத்ததும், "இது சுமியோ சானுக்காக" என்று ஆரம்பித்துவிடுவாள். அன்றைய தடவை அதோடு தீர்ந்தது. முந்திக்கொண்டு பாடலாம் என்றால், ஆசை என்று சொன்ன வாய் என்னாவது? வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்ட சுமியோ பல்லைக் கடித்துக்கொண்டு கைதட்டினாள்.

"இன்னிக்கும் அவதானா?" என்று மிசாவோவிடம் பொருமினாள்.

"நீதானே பாடச் சொன்ன?"

"நான் சொன்னா உடனே பாடிடறதா?"

"வேணும்னா நான் போய்ச் சொல்லட்டுமா?"

"வேண்டாம். நான் பொறாமைப்படறேன்னு நெனச்சுக்குவா."

"படலையாக்கும்?"

"அந்தக் கட்டைத் தொண்டைக்கா? போடி."

தினமும் உட்கார்ந்து, கிரிகோவின் பாட்டை அக்கக்காகப் பிரித்துக் குற்றம் தேடினாள். ரயில் கிளம்புகிற வரியில் குரலைத் தூக்காமல் எதற்கு இறக்குகிறாள்? அவன் பெயரைச் சொல்வதற்கு முன்னால் எதற்கு ஒரு மூச்சு, இளைப்புக்காரி மாதிரி? கொட்டகையில் மீனைப் பிளக்கும்போதும் அதே நினைப்பு. ராத்திரி படுத்தாலும் அதே இறக்கம், அதே மூச்சு, காதுக்குள் கொசுவாகச் சுற்றும்.

செர்ரி பூத்தது. நெமோதோ தன் நாற்காலியைக் கிரிகோ பக்கம் நகர்த்திப் போட்டுக்கொண்டார். அங்கே காற்று நன்றாக வருகிறதாம். வாரக் கடைசியில் மழை என்று செய்தியில் சொன்னார்கள். மழை வந்தால் பூ போயிற்று, பூ போனால் பாட்டும் போயிற்று. சுமியோ இந்த வருஷம் இன்னும் ஒரு தடவைகூடப் பாடவில்லை.

அப்போதுதான் கிரிகோ தும்மத் தொடங்கினாள்.

"கண்ணெல்லாம் அரிக்குது சுமியோ சான். மருந்துக்கடைல கேட்டா, மரத்திலேர்ந்து பறக்கற தூள்ங்கறாங்க. எங்க ஊர்ல இந்தத் தொல்லையே இல்ல."

"நல்ல காத்துப் பட்டாச் சரியாயிடும். மலைக்குப் பின்பக்கமா ஒரு பாதை போகுது பாருங்க, அதுல ஏறிப் போய்ப் பூ பாத்துட்டு வாங்க. கூட்டமே இருக்காது."

கூட்டம் எப்படி இருக்கும்? அந்தப் பாதை நெடுக ஊசியிலை மரங்கள். வசந்தம் வந்தால் மஞ்சள் தூளைக் கொட்டோ கொட்டென்று கொட்டும். ஊர்க்காரன் ஒருத்தனும் அந்தப் பக்கம் மூக்கை நீட்டமாட்டான். சுமியோவுக்கு இது நன்றாகத் தெரியும். தெரிந்தேதான் சொன்னாள், பாவி.

மறுநாள் கிரிகோ முகக்கவசத்தோடு வந்தாள். கண் இரண்டும் வீங்கியிருந்தன. தொண்டையிலிருந்து வெறும் காற்றுதான் வந்தது. சுமியோவுக்கு நெஞ்சில் பால் வார்த்த மாதிரி இருந்தது. உள்ளே எங்கேயோ சுருக்கென்று குத்தியதை அவள் கண்டுகொள்ளவில்லை.

"நீங்க சொன்ன எடம் ரொம்ப அழகு," என்று கிரிகோ கிசுகிசுத்தாள். "நாளைக்கு மழையாம். இன்னிக்குப் பாட்டு நின்னு போயிடக் கூடாது. எனக்குப் பதிலா நீங்க பாடுங்களேன்."

என் பாட்டை எனக்கே பிச்சை போடுகிறாளே என்று சுமியோ மனசுக்குள் கறுவினாள். ஆனாலும் எழுந்து மைக்கை வாங்கிக்கொண்டாள்.

அன்று அவள் பாடியதுதான் பாட்டு. குரல் தானாக வந்தது, இழுத்துப் பிடிக்கவே வேண்டியிருக்கவில்லை. நெமோதோவின் கஞ்சிரா கூடவே வந்தது. கோப்பை கழுவிக்கொண்டிருந்த மிசாவோ குழாயை மூடிவிட்டு நின்றாள். யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். முடிந்ததும், ஒவ்வொரு பாட்டுக்கும் நூற்றுக்கு மார்க் போடும் மெஷின் தொண்ணூற்றாறு போட்டது. இத்தனை வருஷத்தில் எண்பத்தெட்டைத் தாண்டியதே இல்லை.

நெமோதோ எழுந்து அவளிடமே வந்தார். "உங்க பாட்டை எத்தனையோ தடவை கேட்டிருக்கேன். இன்னிக்கு மாதிரி ஒரு நாளும் நீங்க பாடினதில்ல."

சுமியோவுக்கு முகமெல்லாம் சூடேறியது.

"கண்ணை மூடிக்கிட்டுக் கேட்டேன். கிரிகோ சான்தான் பாடறாங்கன்னு நெனச்சுட்டேன். அந்த எறக்கம், அந்த மூச்சு, அப்படியே அச்சு."

கடையே ஆமாம் ஆமாம் என்றது. கிரிகோ அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். வீங்கிய கண்ணிலிருந்து நீர் கொட்டியது. "என்னை இவ்வளவு கவனமா யாருமே கேட்டதில்ல சுமியோ சான்."

சுமியோ எல்லாருக்கும் குனிந்து நன்றி சொல்லிவிட்டுத் தன் இடத்தில் போய் உட்கார்ந்தாள். காப்பிக் கோப்பையால் வாயை மறைத்துக்கொண்டு, தான் எப்போதும் பாடுகிற மாதிரி மெல்லப் பாடிப் பார்த்தாள். முதல் வரி கிரிகோவாக வந்தது. திரும்பத் தொடங்கினாள். அதுவும் கிரிகோதான். போன வசந்தத்தில்கூட இதே நாற்காலியிலிருந்து எழுந்து பாடினாளே, அந்தப் பாட்டு எப்படி இருந்தது என்று எவ்வளவு யோசித்தும் அவளுக்கு நினைவு வரவில்லை.