பொன்மணி எழுதிய விமர்சனம்

செண்பகத்தின் நாவல் வெளிவந்து நாலு மாதமாகியும் அதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல நாதி இல்லை. கிணற்றில் போட்ட கல்லாவது விழும்போது ஒரு சத்தம் கொடுக்கும். 'எட்டாம் மாடி'க்கு அந்தக் கொடுப்பினையும் இல்லை.

வாழ்த்துக்கு மட்டும் குறைச்சல் கிடையாது. தொலைபேசி அலுவலகத்தில் கூட வேலை பார்த்து, கூடவே விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு வந்தவர்களின் வாட்ஸ்அப் குழுவில் பூங்கொத்தாகக் கொட்டியது. கும்பிடுகிற கை, தட்டுகிற கை, குதிக்கிற பொம்மை. பழைய தோழி அன்புச்செல்வி போன் போட்டே சொன்னாள்.

"படிச்சிட்டேம்பா. சூப்பரா கீது!"

"எந்த எடம் புடிச்சிது?" செண்பகம் போனைக் காதோடு அழுத்திக்கொண்டு கேட்டாள்.

"எல்லா எடமும்தான். சரி, ரசம் கொதிக்குது, அப்புறம் பேசறேன்."

எல்லா இடமும் பிடித்தது என்றால் ஒரு இடமும் படிக்கவில்லை என்று பொருள். எழுதிப் பார்த்தவர்களுக்கு இது தெரியும். ரசத்தின் மேல் பழி போட்டு என்ன பிரயோசனம்?

மந்தைவெளியில் ஒற்றைப் படுக்கையறை வீடு. வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்து வருஷக்கணக்காகிறது. மகன் செம்பியன் கனடாவில். "சூப்பர்மா, ரொம்பப் பெருமையா இருக்கு" என்றான், நிஜமாகவே பெருமைப்பட்டான், ஆனால் தமிழை எழுத்துக்கூட்டிப் படிக்கிற பிள்ளை முந்நூறு பக்கத்துக்கு எங்கே போவான்? ஆக, அடையாற்றங்கரைக் குடிசையிலிருந்து ஊருக்கு வெளியே லிஃப்ட் ஓடாத எட்டாம் மாடிக்குத் துரத்தப்பட்ட மீன்காரி தனபாக்கியத்தின் கதையை, அதற்காக ஆறு வருஷம் அலைந்து எழுதிய செண்பகம், அந்தத் தனபாக்கியத்தைத் தவிர வேறு துணை இல்லாமல் உட்கார்ந்திருந்தாள். யாராவது ஒருத்தர், ஒரே ஒருத்தர், அவளைப் பார்த்தேன் என்று சொல்லிவிட்டால் போதும் என்றிருந்தது.

தி.நகரில் பதிப்பாளர் செந்தில்குமாரின் அலுவலகத்துக்குப் போனபோது அவர்தான் வழி சொன்னார். "நெட்ல ஒரு ரிவ்யூகூட இல்லியே மேடம். காலி ஓட்டல்ல எவன் ஏறுவான்? நீங்களே வேற பேருல ஒண்ணு போட்டு வுடுங்க. ஊரே அதான் செய்யுது."

சீ, இதுவும் ஒரு பிழைப்பா என்றுதான் வீட்டுக்கு வந்தாள். ஒரு வாரம் தாங்கினாள். அப்புறம் புத்தகங்களுக்கான அந்தத் தளத்தில் பொன்மணி என்ற பெயரில் கணக்கு ஒன்று திறந்து, முகத்துக்குப் பதில் செம்பருத்திப் பூவை வைத்தாள். முதலில் 'மனதை உலுக்கும் மகத்தான படைப்பு' என்று அடித்தாள். படித்துப் பார்த்ததும் அவளுக்கே குமட்டியது. அழித்துவிட்டு, யாராவது சொல்ல மாட்டார்களா என்று நாலு மாதமாய் ஏங்கிக் கிடந்ததையே எழுதினாள்:

'தனபாக்கியம் நாலாவது மாடியில் தண்ணீர்க் குடத்தை இறக்கி வைத்துவிட்டு நிற்கும் இடத்தில் புத்தகத்தை மூடிவிட்டேன். உடனே திறக்க முடியவில்லை.'

பொய் சொன்ன வாய்க்குப் போஜனம் கிடைக்காது என்பார்கள். செண்பகத்துக்கு விருந்தே கிடைத்தது. மூன்றாம் நாள் அந்த விமர்சனத்துக்குக் கீழே ரூபீனா என்கிற பெண் பதில் போட்டிருந்தாள்.

'அக்கா, நானும் அங்கதான் மூடினேன். ட்ரெயின்ல தரமணி வந்ததே தெரியல, எறங்காம கடைசி ஸ்டேஷன் வரைக்கும் போய்த் திரும்பி வந்தேன். அவ குடத்த எறக்கி வெச்சப்ப எனக்குதான் மூச்சு வாங்கிச்சி. இத படிச்சவங்க இன்னொருத்தர் இருக்கீங்களே, அதுவே போதும்கா.'

செண்பகம் அதை எத்தனை தடவை படித்தாள் என்று கேட்காதீர்கள். படித்துக்கொண்டே அடுப்பில் பாலைப் பொங்கவிட்டாள். பொங்கினால் பொங்கட்டும் என்று சிரித்தாள். வெகுநாள் கழித்து அந்த வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டது.

அதன்பிறகு தினமும் பொன்மணி அக்காவுக்குச் செய்தி வரும். ரூபீனா ராயப்பேட்டைக்காரி, தரமணியில் ஒரு கம்பெனியில் கணக்குப் பிரிவில் வேலை, படிக்க நேரம் கிடைப்பது ரயிலில்தான். வெளிப்படையாகப் பேசுகிற பெண். 'நடுவுல அந்த கோர்ட்டு சீன் எல்லாம் செம இழுவை இல்லக்கா? எனக்குத் தூக்கமே வந்துச்சி' என்று ஒருநாள் எழுதினாள். அந்தக் கோர்ட்டுக் காட்சிக்காகச் செண்பகம் வக்கீல் வீட்டு வாசலில் எத்தனை நாள் பழியாய்க் கிடந்திருக்கிறாள்! நெஞ்சில் சுருக்கென்றது. 'ஆமாமா, எனக்குந்தான்' என்று பதில் போட்டாள். வலித்ததுதான். ஆனால் இழுவை என்று சொல்ல வேண்டுமென்றால் படித்திருக்க வேண்டுமே! அந்த வலியிலும் ஒரு சந்தோஷம் இருந்தது.

'எழுதினவங்களப் பாக்கணும்னு தோணலியா?' என்று ஒருமுறை கேட்டுப் பார்த்தாள்.

'அவங்களப் பாத்து இன்னா பண்ணப் போறோம்கா? நல்லா இருந்துச்சி மேடம்னு சொல்லிட்டு நிக்கணும். கூட உக்காந்து பேசறதுக்கு உங்களமாதிரி ஒருத்தர்தான் வேணும். ஒருநாள் பாக்கலாமா?'

மாட்டேன் என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்ல மனசு வரவில்லை. புத்தகத்தில் படம் வேண்டாம், இந்த மூஞ்சியை எதற்குப் போட வேண்டும் என்று அன்றைக்குத் தடுத்தது நல்லதாய்ப் போயிற்று என்று நினைத்துக்கொண்டு, சனிக்கிழமை சாயங்காலம் நல்ல புடவையாக எடுத்துக் கட்டிக்கொண்டு, லஸ்ஸில் இருக்கும் நாகேஸ்வரராவ் பூங்காவுக்குப் போனாள்.

ரூபீனாவுக்கு முப்பதை ஒட்டிய வயது. பர்தாவின் மேல் அலுவலகப் பையைக் குறுக்கே மாட்டியிருந்தாள். "பொன்மணி அக்கா?" என்று ஓடி வந்து கையைப் பிடித்துக்கொண்டாள். பையிலிருந்து டப்பா எடுத்து, "அம்மா செஞ்ச கேசரிக்கா" என்று நீட்டினாள். அடுத்து புத்தகத்தை எடுத்தாள். அட்டை மடங்கி, ஓரமெல்லாம் அழுக்கேறி, நடுவில் ரயில் டிக்கெட் செருகி இருந்தது. செண்பகத்துக்கு அதைத் தொட்டுப் பார்க்க வேண்டும் போலிருந்தது.

நடக்கிறவர்கள் வட்டம் சுற்றிக்கொண்டிருந்தார்கள். இவர்கள் இருவரும் பெஞ்சில் உட்கார்ந்து ஊர்ப்பட்ட கதை பேசினார்கள். பக்கத்து வீட்டுப் பெண்ணைப் பற்றிப் பேசுவதுபோலத் தனபாக்கியத்தைப் பற்றி. அவள் புருஷனைத் திட்டினார்கள். கேசரி காலியானது.

"எனக்கு ஒரே ஒரு கொறைதான்க்கா. மொத்தப் புக்குலயும் அவ ஒரு தபாகூட சிரிக்கல. அவ்ளோ வாய் பேசற பொம்பள, ஒரு தபா சிரிக்க வெச்சிருக்கலாம். எழுதினவங்களுக்கு மனசே இல்ல."

செண்பகத்துக்குத் தாங்கவில்லை. யாருக்கு மனசு இல்லை?

"ஏன் சிரிக்கல? சிரிச்சாளே!" என்றாள் படபடப்பாக. "ஒருநாள் லிஃப்ட் திடீர்னு ஓடிச்சே. எதுத்த வூட்டு ஆயாவக் கூட்டிக்கினு காலி குடத்தோட மேலயும் கீழயும் போய் வந்து, வயித்தப் புடிச்சிக்கினு சிரிச்சாங்களே ரெண்டு பேரும்!"

நுணலும் தன் வாயால் கெடும். சொல்லி முடித்த பிறகுதான் செண்பகத்துக்கு உறைத்தது. அந்த அத்தியாயம் புத்தகத்தில் இல்லை. பக்கம் கூடுகிறது என்று செந்தில்குமார் சொன்னதால் அச்சுக்குப் போகுமுன் அவளே எடுத்துவிட்டது.

"லிஃப்டு ஓடவே இல்லியேக்கா," என்றாள் ரூபீனா. புத்தகத்தைப் புரட்டினாள். மெதுவாகப் புரட்டுவது நின்றது. அட்டையில் இருந்த பெயரைப் பார்த்தாள். பக்கத்தில் இருந்த முகத்தைப் பார்த்தாள்.

"நீங்கதான் எழுதினதா?"

செண்பகம் தலையாட்டினாள். ஒரு கணம், ஒரே ஒரு கணம், இந்தப் பெண் சந்தோஷத்தில் துள்ளிவிடுவாள் என்றுகூட எதிர்பார்த்தாள். அற்ப ஆசைதான். எழுதுகிறவர்களுக்கு அது போகவே போகாது.

"அப்ப அந்த ரிவ்யூ?"

"நாந்தான்."

ரூபீனா கோபப்பட்டிருந்தால் தேவலை. அவள் முகம் விழுந்துவிட்டது. "அப்ப இதப் படிச்சது நான் ஒருத்திதானா?"

செண்பகம் காலி டப்பாவைப் பார்த்தாள்.

"வூட்ல நான் படிக்கறதப் பாத்து கிண்டல் பண்ணுவாங்க. ஆபீஸ்ல எவளுக்கும் இது புரியாது. எங்கயோ ஒரு அக்கா அதே எடத்துல மூடி வெச்சிட்டு அழுதுச்சினு நெனச்சிக்கினு இருந்தேன்."

"நானும் அழுதேன் ரூபீனா. அத எழுதறப்ப."

"அது வேற, மேடம்."

அக்கா போய் மேடம் வந்துவிட்டது. ரூபீனா காலி டப்பாவை மூடிப் பையில் வைத்தாள். மக்ரிப் தொழுகைக்கு நேரமாகிறது என்று சொல்லிக்கொண்டு எழுந்தாள். ரெண்டு அடி போய்த் திரும்பினாள்.

"நெஜமாவே சிரிச்சாளா?"

"சிரிச்சா."

"எதுக்கு அத எடுத்தீங்க?"

"பக்கம் கூடுதுன்னாங்க."

"எடுத்துருக்கக் கூடாது மேடம்," என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

செண்பகம் மந்தைவெளிவரை நடந்தே வந்தாள். வீட்டுக்கு வந்ததும் விளக்கைக்கூடப் போடாமல் போனை எடுத்தாள். நடந்த தப்பை எப்படியாவது சரிசெய்துவிட வேண்டும். பொன்மணி என்ற ஒருத்தி இனி இருக்கக் கூடாது. அந்தப் பொய் போய்விட்டால், செண்பகமாகவே ரூபீனாவுக்கு எழுதி மன்னிப்புக் கேட்கலாம். கணக்கை நீக்கப் போனாள். 'நிச்சயமாக நீக்க வேண்டுமா?' என்று தளம் கேட்டது. அதற்குக் கீழே பொடி எழுத்தில் இன்னும் ஏதோ இருந்தது. ஆத்திரக்காரிக்குப் பொடி எழுத்து எங்கே கண்ணில் படும்? அழுத்தினாள். கணக்கும் போயிற்று, விமர்சனமும் போயிற்று.

விமர்சனத்துக்குக் கீழே இருந்த பதிலும் கூடவே போயிற்று. தரமணியில் இறங்க மறந்தது, மூச்சு வாங்கியது, அதுவே போதும்கா என்றது, எல்லாம். இத்தனை நாள் பேசிய பேச்சும் பொன்மணியின் கணக்கில்தான் இருந்தது.

'எட்டாம் மாடி'யின் பக்கம் வெள்ளையாக இருந்தது. 'இந்த நூலுக்கு இதுவரை யாரும் கருத்து எழுதவில்லை. முதல் ஆளாக நீங்கள் எழுதுங்கள்.'

"எடுத்துருக்கக் கூடாது," என்று செண்பகம் வாய்விட்டே சொன்னாள்.