கம்பி போகும் தூரம்

எண்பதுகளின் தொடக்கத்தில், மலேசியாவின் கிள்ளானில் எங்கள் வீட்டு வரிசையிலேயே வண்ணத் தொலைக்காட்சி எங்களிடம்தான் இருந்தது. வாரம் ஒரு தமிழ்ப் படம் போடுவார்கள். அன்றைக்குப் பக்கத்து வீட்டு ரமணி எங்கள் கூடத்துப் பாயில் வந்து உட்காருவாள். அவள் படத்தைப் பார்ப்பாள்; நான் ஒரு ரஷ்ய மொழிபெயர்ப்பு நாவலைத் திறந்து வைத்துக்கொண்டு அவளைப் பார்ப்பேன். மனத்துக்குள் அவள் தலைமேல் பனி பெய்ய வைப்பேன். அவள் கச்சான் கடலை கொறித்துக்கொண்டிருப்பாள்.

வாரம் ஒரு படம் என் காதலுக்குப் போதவில்லை. அப்பாவை நச்சரித்து வீடியோ டெக் வாங்க வைத்தேன். எந்த நாளும் படம் பார்க்கலாம் என்றால் ரமணி எந்த நாளும் வருவாள் அல்லவா?

ரமணி டெக்கைச் சுற்றி வந்து பார்த்தாள்.

"டிவி படத்த இதுல பதியலாமா?"

"தாராளமா."

"அப்ப நல்லதாப் போச்சு லா. மேருவுல எங்க அக்கா வீட்டுல டெக் இருக்கு, ஏரியல்தான் இழுக்கறதில்ல. நீ பதிஞ்சு குடு, அங்க படுத்துக்கிட்டே பார்க்கறேன். விளம்பரத்த மட்டும் வெட்டிடு, வாசு."

வெட்டினேன். விளம்பரம் வந்தால் பட்டனை அழுத்திப் பதிவை நிறுத்த வேண்டும். படம் தொடர்ந்ததும் மறுபடி அழுத்த வேண்டும். ரிமோட்டை ஒரு கம்பி டெக்கோடு பிணைத்திருந்தது. என்னையும்தான். பின்னால் சாய்வு நாற்காலியில் அப்பா தூங்குவார். நான் காலிப் பாயில் உட்கார்ந்து, சவர்க்கார விளம்பரங்களிலிருந்து ஒரு பெண்ணைக் காப்பாற்றும் வீரனாக என்னை நினைத்துக்கொள்வேன். வீரனுக்குக் கிடைத்தது மறுநாள் ஜன்னலில் ஒரு குரல்: "டேப் ரெடியா?"

ஒரு வாரம், கடைசி விளம்பரத்தில் பட்டனை அழுத்திப் பதிவை நிறுத்திவிட்டு நாவலைப் பிரித்தேன். நாயகன் பனியில் ஒரு குதிரை வண்டியைத் துரத்திக்கொண்டிருந்தான். நானும் கூட ஓடினேன். நிமிர்ந்தபோது திரையில் செய்தி வாசித்துக்கொண்டிருந்தார்கள்.

சொல்லத் தைரியமில்லாமல் டேப்பைக் கொடுத்துவிட்டேன்.

இரண்டு நாளில் ரமணி வாசலில் நின்றாள்.

"கோர்ட்டுல அந்தம்மா வாயத் திறக்கறா, உடனே கொர்ருன்னு கோடு! என்ன சொன்னா அவ? எங்க அக்கா சோறு திங்க மாட்டேங்கறா."

சொல்லிக்கொண்டே பாயில் உட்கார்ந்தாள். எத்தனை மாதங்களுக்குப் பிறகு! முடிவு தெரியாது என்றால் எழுந்து போய்விடுவாள்.

"அந்தம்மா ஒண்ணும் சொல்லல. எல்லாத்தையும் துறந்துட்டு, கொட்டற பனியில, குதிரை வண்டி ஏறி..."

"பனியா? மெட்ராஸ்லயா?"

பின்னாலிருந்து அப்பாவின் குரல் வந்தது. "ஜட்ஜுதான் என் புருஷன்னு சொன்னா, ரமணி. நான் முழுசாப் பார்த்தேன். இவன்தான் புஸ்தகத்துல மூஞ்சியப் பொதச்சுக்கிட்டு இருந்தான்."

அடுத்த வாரம் படம் தொடங்குமுன்பே ரமணி வந்துவிட்டாள்.

"உன்ன நம்பி இனிமே விடமுடியாது. ரிமோட்ட குடு."

கம்பி குட்டை. அதனால் அவள் டெக்கை ஒட்டி, எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். நான் காத்திருந்தேன். முதல் விளம்பரம் வந்தது. பட்டனை அழுத்திவிட்டு முழுதாக என் பக்கம் திரும்பினாள். என் நாவல்களில் இப்படித் திரும்புகிற பெண்கள் வாழ்க்கையையே மாற்றும் ஒரு வார்த்தையைச் சொல்வார்கள்.

"கச்சான் இருக்கா?"

சமையலறைக்கு ஓடினேன். டப்பாவோடு திரும்பியபோது படம் மறுபடி தொடங்கியிருந்தது.