குழி தவிர்த்த வண்டி

பால்வண்டிக்காரன் உடைந்த பட்டையைக் கொண்டுவந்து பொறியாளரின் மேசைமேல் போட்டான். பின்சக்கரத்துக்கு மேலே குலுக்கலைத் தாங்கும் இரும்புப் பட்டை, இரண்டு துண்டாக. மேசைக் கண்ணாடியில் மண் கொட்டியது.

"உங்க நல்ல ரோட்டுல ஒடிஞ்சது மேடம்."

பொறியாளர் இரும்பைப் பார்க்காமல் கணினித் திரையை அவன் பக்கம் திருப்பினாள். எந்தக் கிராமத்துச் சாலை எப்போது தேயும் என்று முன்கூட்டியே கணித்து, முதலில் கெடப்போவதற்கு முதலில் தார் போட வைப்பது அவள் வேலை. சோதனை வண்டியின் அச்சில் இருக்கும் கருவி குலுக்கலை எண்ணும். அதை வைத்துக் கணினி சாலையின் மிச்ச ஆயுளைச் சொல்லும். அவன் ஊர்ச் சாலைக்கு ஆறு வருடம் என்றது.

"ஆறு வருஷமா? இந்த மழைக்கே தாங்காது. பண்ணைக்குப் போறதுக்குள்ள பால் திரிஞ்சிடும். அப்புறம் நான் வண்டியை வித்துட்டு உட்கார வேண்டியதுதான்."

"கருவிக்கு உங்க மேல என்ன பகை?"

"கருவிக்கு இல்ல, ஓட்டினவருக்கு." கதவோரம் நின்ற சோதனை வண்டி ஓட்டுநரை முறைத்தான். அவன் மனைவியின் அண்ணன்தான் அவர். "தங்கச்சி வாழற ஊருக்கே குழி பறிச்சிட்டீங்களே மச்சான்."

"குழி ஏற்கெனவே கிடக்கு மாப்பிள்ளை. நான் வேற எதுக்குப் பறிக்கணும்?"

பொறியாளர் நிமிர்ந்தாள். "கிடக்கா? அப்ப ஏன் எண்ணுல வரல?"

"அதைக் கருவிகிட்ட கேளுங்க."

முதலில் தார் போடவேண்டிய சாலைகளின் பட்டியல் மறுநாள் மேலிடத்துக்குப் போகவேண்டும். "இப்பவே அளப்போம். எண் மாறலைன்னா இந்த இரும்போட இனி இங்க வரக் கூடாது" என்று அவள் எழுந்தாள்.

மூவரும் சோதனை வண்டியில் கிளம்பினார்கள். ஓட்டுநர் தலையைப் பின்னால் திருப்பி மாப்பிள்ளையைத் திட்டிக்கொண்டே ஓட்டினார். வண்டி எண்ணெயில் வழுக்குவதுபோலப் போனது. ஜன்னலோரம் குழிகள் ஒவ்வொன்றாகக் கடந்துபோவதைப் பொறியாளர் பார்த்தாள். வண்டித் திரையில் குலுக்கல் எண் ஏறவில்லை.

"நேரா ஓட்டுங்க."

"நேராத்தானே மேடம் ஓட்டறேன்."

பொய் சொல்லவில்லை. அவர் கைகள் குழிகளைத் தவிர்த்து இடமும் வலமுமாகத் தாமாகவே வண்டியை ஒடித்துக்கொண்டிருந்தன.

"தொட்டியைக் கண்ட மாடு மாதிரி கை திரும்புது பாருங்க" என்று சிரித்த பால்வண்டிக்காரன், அவரை எழுப்பிவிட்டுத் தானே உட்கார்ந்தான். கொஞ்ச தூரம்தான். தினமும் பாலோடு போகிறவன் கை அவர் கையைவிட வேகமாக ஒடித்தது.

"யோக்கியர் வர்றார், சொம்பை எடுத்து உள்ள வை" என்றார் ஓட்டுநர்.

"ரெண்டு பேரும் இறங்கிப் பின்னால ஏறுங்க." பொறியாளர் ஸ்டியரிங்கைப் பிடித்தாள். அந்தச் சாலையில் அவள் ஓட்டியதே இல்லை. ஒரு குழியும் தப்பவில்லை. ஒவ்வொரு இடிக்கும் ஓட்டுநர் பல்லைக் கடித்தார். மாப்பிள்ளையோ, "வலது பக்கம் இன்னொண்ணு இருக்கு மேடம், விட்டுடாதீங்க" என்று வழி சொன்னான். ஊர் எல்லையில் திரை காட்டிய ஆயுள் ஒரு வருடம்கூட இல்லை.

"இப்பவாவது பட்டியல்ல சேர்ப்பீங்களா?"

அவள் ஓட்டுநர் பக்கம் திரும்பிக் கேட்டாள்: "மத்த ரோட்டையெல்லாம் அளக்க யாரு ஓட்டினது?"

"நான்தான். இந்த வட்டாரத்துல என் கைக்குப் பழகாத ரோடு ஏது?" பெருமையாகத் தொடங்கிய குரல் பாதியில் இறங்கியது.

"அப்ப நாளைக்குப் பட்டியல் போகாது. எல்லாத்தையும் திரும்ப அளக்கணும்."

"மழை வந்துடும் மேடம். எங்க ரோட்டை மட்டுமாவது போட்டுட்டுப் போங்க."

"எது முதல்ல கெடும்னே தெரியாம எதைப் போடறது? உங்களுதைவிட மோசமா பத்து இருக்கலாம். வரிசையில நில்லுங்க."

பால்வண்டிக்காரன் இறங்கிக் கதவை அறைந்து சாத்தினான். "தங்கச்சியைப் பார்க்கணும்னா இனிமே நடந்தே வாங்க மச்சான். உங்க கையை வீட்டுலயே வச்சுட்டு வாங்க."

ஓட்டுநர் சாவிக்காகக் கை நீட்டினார். பொறியாளர் அதைக் கவனிக்காதவள்போல வண்டியைத் திருப்பி, முதல் குழியில் நேராக இறக்கினாள்.