சட்டைப்பைக் கடிதம்

வகுப்பே ஒட்டடைக்குச்சி என்று கூப்பிடும் அவளுக்குப் பள்ளி நாடகத்தில் சாமான் எடுத்துக் கொடுக்கும் வேலை. கதாநாயகனாக நடிப்பவன் என்றால் உயிர். காதலி எழுதியதாக அவன் மேடையில் படிக்கும் கடிதம், ஒத்திகை முழுக்க வெறும் வெள்ளைத்தாள்தான். நாடகத்தன்று அதில் தன் மனதையெல்லாம் கொட்டி எழுதி, அவன் சட்டைப்பையில் வைத்தாள்.

மேடையில் அதைப் பிரித்தவன், எங்கோ பார்த்தபடி வசனத்தை மடமடவென்று ஒப்பித்தான். கைதட்டல் காதைப் பிளந்தது. இந்தப் பாழாய்ப்போன ஞாபகசக்தி பரீட்சையில் ஒருநாளும் அவனுக்கு வந்ததில்லை.

திரை விழுந்ததும் நேராக அவளிடம் வந்தான். அவள் வரைந்துவிட்ட மை மீசையை அந்தத் தாளாலேயே அழுத்தித் துடைத்து, கசக்கி, அவள் கையில் திணித்தான்.

"இனி இது வேணாம்ல? போற வழியில குப்பையில போட்டுடு."