எமிக்கு யார் சொல்வது

அண்ணனின் உடல் இருந்த கூடத்துக்குள் மகள் எமியை விடுவதற்கு முன், எட்மண்ட் அவளை அடுப்படிக்கு அழைத்துப்போய் இரண்டு காதிலிருந்தும் கேட்கும் மெஷினைக் கழற்றித் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான்.

“அழுகைச் சத்தத்துக்குப் பயந்துடுவா” என்றான் மனைவியிடம்.

ஜெயசுந்தரி பால் பாத்திரத்தைத் தேய்த்தாள். கிறிஸ்துமஸ், தங்கை கல்யாணம் என்று சொந்தபந்தம் கூடிய எல்லா நாளிலும் அவன் இதையேதான் செய்திருந்தான். சொல்லும் காரணம் மட்டும் மாறும்.

அண்ணன் இருதயராஜ் விடிகாலையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர், ஆட்டோ வருவதற்குள் போய்விட்டார். ஐம்பத்தேழு வயது. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. லாலாகுடா ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் விருப்ப ஓய்வு வாங்கிய மறுவாரமே, தம்பி மகளைப் பேச்சுப் பயிற்சிக்குக் கூட்டிப்போகும் வேலையைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டார். செவ்வாயும் வெள்ளியும் ஹப்சிகுடாவில் இருந்த பயிற்சி மையத்துக்கு பஸ். மூன்று வருடத்தில் மழைக்குக்கூட ஒரு நாள் விட்டதில்லை.

அன்று செவ்வாய்க்கிழமை. ஆறு வயது எமி தானாகவே பையை மாட்டிக்கொண்டு வந்து குளிர்பெட்டியின் கண்ணாடியைத் தட்டினாள்.

“பெரியப்பா, டைம் ஆச்சு!”

தன் குரல் தனக்குக் கேட்காததால் உரக்கச் சொன்னாள். பெண்கள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டார்கள். விஷயத்தை அவளிடம் யாரும் சொல்லியிருக்கவில்லை. அம்மா சொல்லியிருப்பாள் என்று அப்பாவும், அப்பா சொல்லட்டும் என்று அம்மாவும் விட்டிருந்தார்கள்.

ஜெபமாலை முடிந்து கூடம் அமைதியான நேரத்தில் எங்கிருந்தோ மெல்லிய விசில் சத்தம் எழுந்தது. எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

“யார் போன்பா அது? அமத்து” என்றார் மாமா ஒருவர்.

எட்மண்ட் சட்டைப் பையைப் பொத்தினான். விசில் இன்னும் கூடியது. மெஷினை அணைக்க அவனுக்குத் தெரியவில்லை. நெஞ்சின் மேல் கையை வைத்தபடியே வாசலுக்கு நடந்தான். துக்கம் தாளாமல் போகிறான் என்று நினைத்து வழிவிட்டார்கள்.

வாசலில் ஒரு பெண் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தாள். பேச்சுப் பயிற்சி தரும் கிரிஜா என்று தன்னைச் சொல்லிக்கொண்டாள். கூட வந்திருந்தவள் எமியின் வகுப்பு டீச்சர் சபீனா. இருதயராஜ் இவர்கள் இருவருக்கும் நடுவே ஒரு நோட்டைச் சுமந்து திரிந்தாராம். பயிற்சியில் சொல்லிக்கொடுத்தது பள்ளிக்கும், பள்ளியில் தடுமாறியது பயிற்சிக்கும் அதில்தான் போய்வந்ததாம்.

கிரிஜா எட்மண்டின் கையைப் பற்றிக்கொண்டாள்.

“உங்களைப் பத்தி நிறைய சொல்லுவார் சார். நைட் ஷிஃப்ட், அதனாலதான் வர முடியலை, ஆனா தினமும் ஒரு மணி நேரம் உக்கார வச்சுக் கதை சொல்றான், வீட்டுப் பயிற்சி பூரா எட்மண்டுதான்னு. எல்லா அப்பாக்களும் அப்படி இல்லை.”

பின்னால் ஜெயசுந்தரி வந்து நின்றிருந்தாள். அவள் தரையைப் பார்த்தாள். எட்மண்டுக்கு இரவு வேலை என்று ஒன்று இருந்ததே இல்லை. ஐந்து மணிக்கு வீடு வந்து டிவியைப் போடுவான். எமி பக்கத்தில் வந்தால் பொம்மையை நீட்டுவான்.

“வாசல்ல இருந்தே எமியைக் கூப்பிட்டேன், திரும்பலை. மெஷின் எங்கே?” என்றாள் கிரிஜா.

பைக்குள் அது மறுபடி விசிலடித்தது. சபீனா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அவன் எடுத்து நீட்டினான். “நான்தான் கழட்டினேன்.” பிறகு, “கதையும் சொன்னதில்ல மேடம். ஒரு நாள்கூட” என்றான்.

கிரிஜாவே எமியிடம் சொல்லிவிடுவாளா என்று ஜெயசுந்தரி கேட்டாள்.

“நான் பக்கத்துல உக்காந்துக்கறேன். சொல்லவேண்டியது இவர்தான்” என்றாள் கிரிஜா. முகத்தில் வெளிச்சம் விழும்படி, குழந்தையின் உயரத்துக்கு உட்காரச் சொன்னாள். தூங்குகிறார், ஊருக்குப் போனார் என்றெல்லாம் சொல்லக்கூடாது; அவள் காத்திருப்பாள் என்றாள்.

எட்மண்ட் ஜன்னலோரம் மண்டியிட்டான். எது வலது, எது இடது என்று தெரியாமல் இரண்டையும் புரட்டிப் புரட்டிப் பார்த்தான். எமி அவன் கையிலிருந்து வாங்கித் தானே மாட்டிக்கொண்டாள்.

“பெரியப்பா செத்துட்டாங்கம்மா.”

அவள் அவன் வாயையே பார்த்தாள். “மறுபடி சொல்லு.”

சொன்னான்.

“மறுபடி.”

மூன்றாம் முறை அவன் குரல் உடைந்தது. கூடம் முழுவதும் பார்த்துக்கொண்டிருந்தது. எமி திரும்பிக் கண்ணாடிக்குள் பார்த்தாள். பிறகு தோளிலிருந்து பையை இறக்கிக் கீழே வைத்தாள்.

கல்லறைக்குப் போகும் வேனில் அவள் அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவளிடம் என்ன பேசுவது என்று அவனுக்குத் தெரியவில்லை. நெடுநேரம் கழித்து வெளியே கை காட்டி, கைக்குழந்தையிடம் சொல்வதுபோல் வாயை அகலத் திறந்து, “மரம்” என்றான்.

எமி எட்டிப் பார்த்தாள்.

“வேப்பமரம்” என்றாள்.

எட்மண்ட் தலையசைத்தான். வேன் சிக்னலில் நின்றது.