வலப்பக்கத்து மரை

என் மகள் யசோதினி மோட்டார் சைக்கிள் வாங்கியது எனக்குப் பிடிக்கவில்லை. ஸ்பிரிங்வெளித் தோட்டத்திலிருந்து பதுளைக்கு வேலைக்குப் போகிறவளுக்கு பஸ் போதாதா என்றேன். நாலு மாதம் வீட்டில் அதே சண்டை. "அப்பா ஒரு நாளைக்கு வண்டிய எரிச்சாலும் எரிப்பாரு" என்று தாயிடம் சொல்லியிருக்கிறாள்.

பிறகு ஒரு காலை, பனிமூட்டத்தில், பின்னால் லொறி வந்தது தெரியாமல் அவள் வளைவில் வண்டியை நடு ரோட்டுக்கு எடுத்ததைக் கண்ணால் பார்த்தேன். வண்டியோடு வந்த கண்ணாடி சின்னது. அதில் அவள் தோள்தான் தெரியும். ஓட்டித் தொலைக்கட்டும், பின்னால் வருவதாவது தெரியட்டும் என்று லத்தீப்பின் பார்ட்ஸ் கடையில் நீளக் காம்பு வைத்த கண்ணாடி ஒரு சோடி வாங்கினேன். அவளிடம் சொல்லவில்லை.

"வண்டிய கொண்டாங்க ஐயா, நானே போட்டுத் தாறேன்" என்றான் லத்தீப்.

"ஏன், எனக்குக் கை இல்லியா?"

"இருக்கு. ஆனா இந்த வண்டிக்கு வலப்பக்கத்து மரை தலைகீழ். கழட்டுறதும் பூட்டுறதும் மத்தப் பக்கமாச் சுத்தணும். எதுலயாவது தட்டினா ஒடையாம கழண்டு திரும்பட்டும்னு கம்பெனிக்காரன் அப்பிடி வச்சிருக்கான்."

"ஒரு கண்ணாடிக்கு இவ்வளவு கதையா?"

தேயிலை பெக்டரியில் முப்பத்தொரு வருஷம் மெஷினோடு கிடந்தவன் நான். என் கையில் முடுக்கிய நட்டெல்லாம் ஒரே பக்கம்தான் ஏறின. கொழுந்து நிறுக்கிற இடத்தில் கிலோவைக் குறைத்து எழுதுவதைப் பார்த்தே வளர்ந்தவன். இவனும் வேலையைக் கடைக்கு இழுக்கத்தான் அளக்கிறான் என்று நினைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை தாயும் மகளும் கோவிலுக்குப் போனதும் ஸ்பேனரை எடுத்தேன். இடப்பக்கம் லேசாக வந்தது. வலப்பக்கம் அசையவில்லை. துருப்பிடித்திருக்கும் என்று ஸ்பேனரில் இரும்புக் குழாயைச் சொருகி அழுத்தினேன். கழற்றுவதாக நினைத்து இறுக்கிக்கொண்டிருந்திருக்கிறேன். 'டக்' என்றது. கண்ணாடி நிற்கிற அந்தத் துண்டும் முன் பிரேக்கும் ஒரே வார்ப்பு. அது பிளந்து பிரேக் எண்ணெய் என் கையில் வழிந்தது.

வந்து பார்த்த யசோதினி வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"பிரேக்கையா ஒடச்சீங்க?"

"பெரிய கண்ணாடி போடத்தான்டி. ஒனக்குத்தான்."

"நீங்க? என் வண்டிக்கு?" சிரித்தாள். அந்தச் சிரிப்புக்குப் பதில் நாலு அறை வாங்கியிருக்கலாம்.

என் மனைவி தனலெட்சுமி கண்ணாடிப் பெட்டியைத் தூக்கிக் காட்டினாள். "வாங்கித்தான் வச்சிருக்காரு, புள்ள. ஏங்க, கடைக்காரரு ஒண்ணும் சொல்லலியா?"

இல்லை என்று சொல்லியிருந்தால் அதோடு முடிந்திருக்கும். எனக்கு அது வரவில்லை.

"சொன்னான். வலப்பக்கம் மத்தப் பக்கமாச் சுத்தணும்னு சொன்னான்."

"அப்ப தெரிஞ்சேதான் சுத்தியிருக்கீங்க" என்றாள் யசோதினி.

"நான் அவன நம்பலடி."

"நான் மட்டும் ஒங்கள நம்பணுமா?"

அடுத்த கிழமை லத்தீப் எங்கள் லயத்து வீட்டுக்கே வந்து பிரேக்கை மாற்றி, இரண்டு கண்ணாடியையும் பூட்டினான். அவன் என்னை இரண்டு திட்டு திட்டியிருந்தால் நன்றாயிருந்திருக்கும்.

இப்போது அவள் காலையில் வண்டியை எடுக்குமுன் குனிந்து சக்கரத்தடியில் எண்ணெய் ஒழுகியிருக்கிறதா என்று பார்க்கிறாள். பிரேக்கை இரண்டு மூன்று தடவை அழுத்திப் பார்க்கிறாள். நான் வாசலில் நின்றால் இன்னும் ஒரு தடவை அழுத்துகிறாள். அதனால் அவள் கிளம்புகிற நேரத்தில் நான் லயத்துக்குப் பின்பக்கம் போய்விடுகிறேன்.